பெரியவங்க ஒருத்தர் வரணும்

ஜூன் 9

என் தங்கப் பட்டாணிக்கு,

ஆண்டவன் கிருபையில இங்க நானும் மாமாவும் என் முட்டிவலியும் சௌக்கியமா இருக்கோம். அங்க நீ, உங்கப்பன், உங்கம்மா மூணு பேரும் எப்படி இருக்கீங்கன்னு ஆளுக்கொரு வரியாவது எழுது.

போன் இருக்கும்போது இந்த அத்தைக்கு எதுக்குக் கடுதாசின்னு நீ சிரிப்ப. இந்த வீட்ல போன் மாமா சட்டைப் பையிலதான் குடியிருக்கு. யார் கூப்பிட்டாலும் ஸ்பீக்கர்ல போட்டுட்டு, என்கிட்ட கேட்ட கேள்விக்கு அவரே பதில் சொல்லிடுவாரு. உன் போன உங்கப்பன் பரிட்சை முடியற வரைக்கும் பீரோல வெச்சுப் பூட்டிட்டானாம். அப்புறம் நாம எப்படித்தான் பேசிக்கறது?

போன வாரம் உங்கப்பன் பேசினான். நீ சரியா சாப்பிடறது இல்லையாம், மார்க் சரிஞ்சிடுச்சாம், கேட்டா மூஞ்சியத் திருப்பிக்கிறியாம். "வயசுக் கோளாறு அக்கா, தானா சரியாயிடும்"னான். பதினாறு வயசுல அவனுக்கு இருந்த கோளாறெல்லாம் நான் எழுத ஆரம்பிச்சா இந்தத் தாள் பத்தாது.

என்னடி கண்ணு ஆச்சு? நீ பொறந்தப்ப உங்கம்மாவுக்கு முன்னாடி உன்னக் கையில வாங்கினவ நான். உருண்டையா பட்டாணி மாதிரி இருந்த. என்கிட்ட சொல்றதுக்கு உனக்கு என்ன கூச்சம்? உங்க வீட்டுத் தபால் பெட்டிச் சாவி உன்கிட்டதான இருக்கு. நீ எழுதறது எனக்கும் ஆண்டவனுக்கும் மட்டும்தான் தெரியும்.

வேளைக்குச் சாப்பிடு. தூங்கறதுக்கு முன்னாடி ஆண்டவன நெனச்சுக்கோ.

உன்னையே நெனச்சுக்கிட்டிருக்கற
அத்தை


ஜூன் 21

அத்தை,

நீங்க கேட்டதால எழுதறேன். வேற யாரும் இப்படிக் கேக்கல. "ஏன் இப்படி இருக்க"ன்னுதான் கேக்கறாங்க.

என்ன ஆச்சுன்னு எனக்கே சரியாத் தெரியல. அம்மா வேலை செய்யற ஆஸ்பத்திரி சலவைக் கூடத்துக்கு சின்ன வயசுல போயிருக்கேன். ஈர விரிப்பு மூட்டையத் தூக்கிப் பாத்தேன், அசையல. இப்ப காலைல எழுந்திரிக்கறது அப்படித்தான் இருக்கு. கிளாஸ்ல திடீர்னு கை சில்லுன்னு ஆயிடும், நெஞ்சு அடைக்கும், போர்டுல இருக்கற எழுத்து எழுத்தாவே தெரியாது. பக்கத்துல இருக்கறவ "யாருடி அந்தப் பையன்?"னு கேக்கறா. பையனும் இல்ல, நாயும் இல்ல.

யார்கிட்டயாவது பேசலாம்னு பாத்தேன். ஸ்கூல்ல கவுன்சலர் ரூம்னு போர்டு இருக்கு. உள்ள காத்துப் போன பந்தும் கிழிஞ்ச பாயும் அடுக்கி வெச்சிருக்காங்க. கேட்டா, "பி.டி. சார்தான் கவுன்சலர், ஏதாவதுன்னா அவரப் பாரு"ன்னாங்க. அவர் என்னை மைதானத்தச் சுத்தி ஓடிட்டு வரச் சொன்னாரு.

அம்மா ஆஸ்பத்திரியில மூணாவது மாடியில மனசுக்குப் பாக்கறாங்க. காசு வாங்கறதில்ல. ஆனா நான் லிஃப்ட்ல மூணாம் நம்பர அமுக்கறதுக்குள்ள சேதி சலவைக் கூடத்துக்குப் போயிடும். இலவசமா பேசற ஒரு போன் நம்பரும் இருக்கு. மருந்துக்கடை அண்ணன் போன்ல கூப்பிட்டேன். அவர் நகரவே இல்ல, பக்கத்துலயே நின்னாரு. அந்தப் பக்கம் "சொல்லும்மா, என்ன கஷ்டம்?"னு அன்பாத்தான் கேட்டாங்க. "ஒண்ணும் இல்லங்க, ராங் நம்பர்"னு வெச்சுட்டேன்.

சில நாள், நான் இல்லாட்டா இந்த வீட்ல இன்னும் கொஞ்சம் இடம் இருக்கும்னு தோணுது.

பட்டாணி


ஜூலை 3

என் பட்டாணிக் கண்ணுக்கு,

இங்க எல்லாரும் நலம். உன் கடுதாசில தலையும் இல்ல வாலும் இல்ல. ஒரு வணக்கம் இல்ல, மாமா எப்படி இருக்காருன்னு ஒரு வார்த்தை இல்ல. எடுத்த எடுப்புல ஆரம்பிச்சு படக்குன்னு முடிச்சிட்ட. பத்தாங்கிளாஸ்ல கடிதம் எழுதச் சொல்லித் தர மாட்டாங்களா? நான் எட்டாவதுதான், ஆனா எங்க டீச்சர் சுகம் கேக்காத கடுதாசிய திருப்பி மூஞ்சியிலயே போடுவாங்க.

வீட்ல இடம் பத்தலன்னு எழுதியிருந்த. ரெண்டு ரூம் வீட்ல மூணு பேரு இருக்கறதுக்கு என்னடி? நாங்க ஒரே ரூம்ல ஏழு பேர் படுத்தோம். யார் கால் யார் மேலன்னு தெரியாது. வீடு சின்னதா இருந்தா மனசு பெருசா இருக்கணும்.

மனசுக்கு டாக்டர் எல்லாம் வேணாம் தாயி. நம்ம குடும்பத்துல யாருக்கும் அப்படி வந்ததில்ல. உங்க பெரிய மாமா ஒரு வருஷம் யார்கூடவும் பேசாம செவுத்தப் பாத்தே படுத்திருந்தாரு, தானா எழுந்துட்டாரா இல்லையா? அப்புறம் அவர் வேற மாதிரி ஆயிட்டாருங்கறது தனி விஷயம்.

காலைல எழுந்ததும் கண்ணத் தொறக்கறதுக்கு முன்னாடி ஆண்டவன் பேரச் சொல்லு. நெஞ்சு அடைச்சா வெந்நீர் குடி. அந்த மருந்துக்கடைக்காரன்கிட்ட போகாத, அவன் மூஞ்சியே சரியில்லன்னு நான் அங்க வந்தப்பவே சொன்னேன்.

ஆனா எழுது. தலை இல்லாட்டாலும் வால் இல்லாட்டாலும் எழுது.

அத்தை


ஜூலை 20

அத்தை,

வணக்கம். மாமா எப்படி இருக்காரு? (போதுமா?)

ஒரு இடம் கண்டுபிடிச்சிட்டேன். ஸ்கூலுக்குப் பின்னாடி ஒரு லைப்ரரி இருக்கு. அதுக்கு மேல, பழைய பேப்பர் கட்டி வெச்சிருக்கற ரூமுக்குப் பக்கத்துல சின்ன ரூம். சனிக்கிழமை மட்டும் ஒரு அக்கா வர்றாங்க. எங்க வயசுப் பிள்ளைங்களுக்கு மட்டும்தான். காசு வாங்கறதில்ல. கீழ புத்தகம் எடுக்கற மாதிரி போனா யாருக்கும் தெரியாது.

அந்த அக்கா மேஜை போடல. ரெண்டு நாற்காலி, ரெண்டும் ஜன்னலப் பாத்து பக்கத்துப் பக்கத்துல கெடக்கு. பஸ்ல உக்காந்த மாதிரி. "மூஞ்சியப் பாத்து பேசறது கஷ்டம், இல்ல? எனக்கும் அப்படித்தான்"னாங்க. மொத நாள் நான் பேசவே இல்ல. எதிர் மாடியில துணி காயறதப் பாத்துக்கிட்டே இருந்தோம். ரெண்டாவது தடவ பேசினேன். ரொம்பப் பேசினேன். "இது திமிரும் இல்ல, சோம்பேறித்தனமும் இல்ல. இதுக்கு உதவி இருக்கு"ன்னாங்க. யாரும் என்கிட்ட அப்படிச் சொன்னதில்ல.

ஆனா ஒரு விதி இருக்காம். பதினெட்டு வயசுக்குக் கீழ இருந்தா தொடர்ந்து வர்றதுக்கு பெரியவங்க ஒருத்தர் ஒரு தடவ நேர்ல வரணும். அப்பா அம்மாதான் வேணும்னு இல்ல, சொந்தத்துல பெரியவங்க யாராவது. ஆகஸ்ட் கடைசி சனிக்கிழமை நாலு மணிக்குள்ள வரலைன்னா என் இடத்த வேற பிள்ளைக்குக் குடுத்துடுவாங்க. நெறைய பேர் காத்திருக்காங்க.

எனக்கு உங்களத் தவிர யாரும் இல்ல. வர்றீங்களா?

யார்கிட்டயும் சொல்லாதீங்க அத்தை. மாமாகிட்ட கூட.

பட்டாணி


ஜூலை 31

செல்லப் பட்டாணிக்கு,

நாங்க சுகம். வாழ்த்து.

உன் கடுதாசிய வெச்சுக்கிட்டு ரெண்டு நாளா ஆண்டவன்கிட்ட சண்டை போட்டேன். தம்பிக்குத் தெரியாம அவன் பொண்ணுக்காகப் போறது சரியா, தப்பான்னு. அவன நான்தான் இடுப்புல தூக்கி வளத்தேன். அவன்கிட்ட மறைச்சு எதுவும் செஞ்சதில்ல. அப்புறம் உன் கடுதாசிய மறுபடி எடுத்தேன். "உங்களத் தவிர யாரும் இல்ல"ன்னு எழுதின எடத்துல பேனா தாளக் கிழிச்சிருக்கு.

வர்றேன்டி. காலைல மொத பஸ்ஸப் பிடிச்சா மத்தியானத்துக்குள்ள வந்துடலாம். பச்சைக் குடை பிடிச்சிருப்பேன், தூரத்துல இருந்தே கண்டுபிடிச்சிடுவ. மாமாகிட்ட சொல்லல. நான் பொய் சொல்ல மாட்டேன்னு உனக்குத் தெரியும். ஆனா கேக்காத கேள்விக்குப் பதில் சொல்லணும்னு எந்த வேதத்துலயும் இல்ல.

அந்தப் பொண்ணு என்கிட்ட என்ன கேக்கும்? படிச்சவங்க மாதிரி பேசணுமா? ஜன்னலப் பாத்துதான் நானும் உக்காரணுமா? யார் கூடவும் மூஞ்சியப் பாக்காம பேசி எனக்குப் பழக்கம் இல்ல. அதுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?

முட்டி மட்டும் ஒத்துழைக்கணும். மாடிப்படி எத்தனை இருக்கு?

உன் பெரியவங்க ஒருத்தர்,
அத்தை


ஆகஸ்ட் 9

என் அருமை அத்தைக்கும் அவங்க முட்டிக்கும் வணக்கம்.

நீங்க கேட்ட மாதிரியே ஆளுக்கொரு வரி:

அப்பா: குடோன்ல புது சரக்கு வந்திருக்கு, வீட்டுக்கு வந்ததும் தூங்கிடறாரு.
அம்மா: கை முழுக்க சலவைத்தூள் வெடிப்பு, மருந்து போட்டா வழுக்குதுன்னு போடறதில்ல.
நான்: நேத்து சிரிச்சேன்.

எதுக்குன்னா, "எங்க அத்தை உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சான்னு கேக்கறாங்க"ன்னு அந்த அக்காகிட்ட சொன்னேன். "வரட்டும், நானே பதில் சொல்லிக்கறேன், அவங்கள எனக்கு இப்பவே பிடிச்சிருக்கு"ன்னாங்க.

படி கொஞ்சம் செங்குத்தா இருக்கும். நான் கையப் பிடிச்சு ஏத்திடறேன். நாலு மணி வரைக்கும் கீழ வாசல்லயே நிப்பேன்.

உங்க பட்டாணி


ஆகஸ்ட் 19

கண்ணு பட்டாணி,

ஆண்டவன் புண்ணியத்துல எல்லாரும் சுகம். உங்கம்மாவ மருந்து போடச் சொல்லு. வழுக்கினா வழுக்கட்டும்.

நீ சிரிச்சேன்னு எழுதினதப் படிச்சிட்டு எனக்கு அழுகை வந்துடுச்சு. இவ்வளவு பெரிய காரியத்துக்குப் போறேன், வெறுங்கையோட போகலாமா? எந்த நல்ல காரியமா இருந்தாலும் எங்க வாரக் கூட்டத்துல வெச்சு வேண்டிக்காம நான் செஞ்சதே இல்ல. பசு மாட்டுக்குக் காய்ச்சல்னாலே வெச்சு வேண்டியிருக்கேன். நீ மாட்ட விடவா கொறைஞ்சு போயிட்ட?

அதனால நேத்து கூட்டத்துல எழுந்து சொன்னேன். பயப்படாத, உன் பேரச் சொல்லவே இல்ல. எடத்தையும் சொல்லல, நாளையும் சொல்லல. "என் தம்பி பொண்ணு ஒருத்தி, டவுன்ல படிக்கறா, மனசு சரியில்லாம இருக்கா, அவளுக்காக வேண்டிக்கோங்க"ன்னு மட்டும்தான் சொன்னேன். அத்தனை பேரும் கண்ண மூடிக்கிட்டு உனக்காக வேண்டினாங்க தெரியுமா. தையக்காரி விம்மி விம்மி அழுதா. கூட்டம் முடிஞ்சதும் வந்து, "எந்தத் தம்பி பொண்ணு?"ன்னு கேக்கறா. எனக்கு இருக்கறதே ஒரு தம்பி. இவ புத்தியப் பாரு. அவ மகன் உங்கப்பன் குடோன்லதான் லாரி ஓட்டறான். உன்னக் கொழந்தையில பாத்திருக்கான், ரொம்ப நல்ல பிள்ள.

மனசு இப்பத்தான் லேசாச்சு. மாசக் கடைசி சனிக்கிழமை பாக்கலாம். பச்சைக் குடை, மறந்துடாத.

அத்தை


செப்டம்பர் 2

அத்தை,

பெரியவங்க ஒருத்தர் வரணும்னு சொன்னாங்க இல்ல, வந்தாரு.

மூணு மணியில இருந்து வாசல்ல நின்னேன். நீங்க எந்தப் பக்கமா வருவீங்கன்னு தெரியாம ரெண்டு பக்கமும் பாத்துக்கிட்டிருந்தேன். தூரத்துல ஒரு பச்சைக் குடை தெரிஞ்சுது. ஓடினேன். வேற யாரோ. திரும்பி வந்தா படிக்கட்டுல அப்பா நிக்கறாரு, குடோன் சட்டையோட.

அவர் கத்தல. கத்தியிருந்தா நல்லா இருந்திருக்கும். மேல வந்தாரு. அந்த அக்கா எழுந்து நாற்காலியக் காட்டினாங்க. அப்பா அத அவங்களப் பாத்த மாதிரி திருப்பிப் போட்டுட்டு உக்காந்தாரு. "உங்க சேவைக்கு நன்றிங்க. எங்க பொண்ணுக்கு நாங்க இருக்கோம். ஓசில கெடைக்குதுன்னு எல்லாத்தையும் வாங்கிக்கற குடும்பம் இல்ல"ன்னாரு. அக்கா அவர்கிட்ட பொறுமையா என்னென்னவோ சொன்னாங்க. அவர் கேட்டுக்கிட்டாரு, தலைய ஆட்டினாரு. அப்புறம் அக்கா என்கிட்ட, "உனக்கு எப்படிம்மா இருக்கு? நீ சொல்லு"ன்னாங்க. அப்பாவும் என்னப் பாத்தாரு.

"நல்லா இருக்கேன்"னு சொன்னேன்.

வர்ற வழியில ஜூஸ் வாங்கிக் குடுத்தாரு. குடிச்சேன்.

குடோன்ல சாப்பாட்டு நேரத்துல எல்லார் முன்னாடியும் லாரிக்காரர் கேட்டாராம், "சார், பாப்பாவுக்கு மனசு சரியில்லையாமே, எங்கம்மா கூட வேண்டிக்கறாங்க"ன்னு. அது எப்படின்னு எனக்குப் புரியுது. ஆனா லைப்ரரி மாடி, சனிக்கிழமை, நாலு மணி இதெல்லாம் லாரிக்காரருக்குத் தெரியாது அத்தை. நீங்க கூட்டத்துல சொல்லலைன்னு எழுதியிருந்தீங்க.

இப்ப ஸ்கூல் விட்டதும் நேரா சலவைக் கூடத்துக்குப் போயிடணும். அம்மா வேலை முடியற வரைக்கும் அங்கதான். அம்மா ஒண்ணும் கேக்கல. விரிப்போட ஒரு முனைய அவங்க பிடிக்கறாங்க, இன்னொரு முனைய நான். கிட்ட வருவோம், மடிப்போம், தள்ளிப் போவோம்.

அந்த இடத்த வேற பிள்ளைக்குக் குடுத்திருப்பாங்க.


செப்டம்பர் 14

என் பட்டாணிக்கு,

இங்க நலம். அங்க நலமா?

அன்னைக்கு வரணும்னு பையெல்லாம் கட்டி வெச்சுட்டேன். சத்தியமா. குடையத் தொடச்சு கதவுல மாட்டி வெச்சிருந்தேன். முட்டி வீங்கிடுச்சு. ரெண்டு பக்கமும். வைத்தியர் வந்து தடவிட்டுப் போனாரு. காலக் கீழ வைக்க முடியல. மழை வேற வர்ற மாதிரி இருந்துச்சு. மொத பஸ்ஸும் அன்னைக்கு வரலைன்னு சொன்னாங்க.

அதுக்கு ரெண்டு நாள் முந்தி உங்கப்பன் போன் பண்ணியிருந்தான். பொதுவாத்தான் பேசிட்டிருந்தோம். அவன் கொரல் ஒரு மாதிரியா இருந்துச்சு. "அக்கா, நீ என்கிட்ட பொய் சொன்னதே இல்ல"ன்னான். அது என்னமோ உண்மைதான். மாமா வழக்கம்போல ஸ்பீக்கர்ல போட்டிருந்தாரு.

உங்கப்பன் கெட்டவன் இல்ல. உனக்குன்னா உசிர விடுவான். வாயால சொல்லத் தெரியாது, அவ்வளவுதான். அவன் செஞ்சதுலயும் ஆண்டவன் சித்தம் ஏதாவது இருக்கும். அம்மாகூடச் சேந்து வேலை செய்யறது நல்லதுதான, ரெண்டு பேரும் பேசிக்கலாம்.

தையக்காரி உனக்கு ஒரு பாவாடை தெச்சு அனுப்பியிருக்கா. அளவு சரியா இருக்கான்னு எழுது.

அத்தை


அக்டோபர் 17

பட்டாணி,

பாவாடை வந்து சேந்துச்சா? பதிலே இல்ல. தபால்காரர் நம்ம தெருவுக்கு வரும்போதெல்லாம் நான் வாசலுக்குப் போயிடறேன். "அம்மா, இருந்தா நான் குடுக்க மாட்டேனா?"ன்னு சலிச்சுக்கறாரு.

மாமாகிட்ட சொல்லி உங்கப்பனுக்குப் போன் போட்டேன். "நல்லா இருக்கா அக்கா, முன்ன மாதிரி மூஞ்சியத் திருப்பறதில்ல, சொன்னதச் செய்யறா, வாயத் தொறக்கறதில்ல"ன்னு சந்தோஷமா சொன்னான். உன்கிட்ட குடுன்னேன். கூப்பிட்டான். நீ குளிச்சிட்டிருக்கறதா சொன்னான். அரை மணி கழிச்சுக் கூப்பிட்டேன். அப்பவும் குளிச்சிட்டிருந்த.

கோவமாடி? திட்டியாவது எழுது. தலை வேணாம், வால் வேணாம்.

அத்தை


நவம்பர் 11

அன்புள்ள அத்தைக்கும் மாமாவுக்கும் வணக்கம்.

ஆண்டவன் கிருபையில் இங்கு நான் நல்லா இருக்கேன். அப்பா, அம்மா இருவரும் சுகம். அதுபோல் நீங்களும் மாமாவும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். முட்டிவலி இப்போது எப்படி இருக்கிறது?

பாவாடை கிடைத்தது. அளவு சரியாக இருக்கிறது. படிப்பு ஒழுங்காகப் போகிறது. மார்க் ஏறியிருக்கிறது. வேளைக்குச் சாப்பிடுகிறேன். உங்களுக்குக் கோபமாக எழுதும்படி எதுவும் இல்லை, நான் நல்லா இருக்கேன். கூட்டத்தில் எனக்காக வேண்டிக்கொண்ட எல்லோருக்கும் என் நன்றியைச் சொல்லவும்.

என்னைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். நல்லா இருக்கேன்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி பொண்ணு


நவம்பர் 22

என் பட்டாணித் தங்கத்துக்கு,

நாங்க எல்லாரும் சுகம். முட்டி பரவால்ல.

உன் கடுதாசி வந்துச்சு. தபால்காரர் தெருமுனையில இருந்தே கையத் தூக்கிக் காட்டிட்டு வந்தாரு. என்ன அழகா எழுதியிருக்க. வணக்கம் இருக்கு, மாமாவ விசாரிச்சிருக்க, முட்டிய விசாரிச்சிருக்க, ஒரு அடித்தல் இல்ல. எங்க டீச்சர் இருந்தா போர்டுல ஒட்டியிருப்பாங்க. மாமா ரெண்டு தடவ படிச்சிட்டு, "பொண்ணு தேறிட்டா"ன்னாரு.

கூட்டத்துக்கு எடுத்துட்டுப் போனேன். எல்லாரும் கேட்டாங்க, நம்ம வேண்டுதல் பலிச்சிடுச்சு, எழுந்து நின்னு படின்னு. படிச்சேன். உன் நன்றியச் சொன்ன எடத்துல எல்லாரும் கை தட்டினாங்க. தையக்காரி இப்பவும் அழுதா. அவளுக்கு எல்லாத்துக்கும் அழுகைதான்.

இத்தனூண்டு கடுதாசில மூணு எடத்துல "நல்லா இருக்கேன்"னு எழுதியிருக்க. மொத ரெண்ட சத்தமா படிச்சிட்டேன். மூணாவது வந்தப்ப எனக்குக் கொரல் எழும்பல. சந்தோஷத்துல தொண்ட அடைச்சிடுச்சுன்னு பக்கத்துல இருந்தவ முதுகத் தடவிக் குடுத்தா. நானும் அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன்.

பட்டாணின்னு ஏன்டி கையெழுத்துப் போடல?

ஒரே ஒரு வரி எழுது. உனக்கு எப்படி இருக்குன்னு. யாருக்கும் படிச்சுக் காட்ட மாட்டேன்.

அத்தை